பரண்ல இருந்து எறக்கின 286: பவர் போடலாமா? பிளாப்பி, ரிப்பன் எல்லாம் இன்னும் தேறுமா?

#1 பரண்காரன்
வணக்கம் மக்களே, இங்க புதுசு. சித்தப்பா வச்சிருந்த பழைய கம்ப்யூட்டர் பல வருஷமா பரண்ல தூங்கிட்டு இருந்துச்சு, நேத்து எறக்கிட்டேன். 286 சிப் வச்ச பொட்டி, ஐபிஎம் ஏடி மாடலைப் பார்த்து செஞ்ச குளோன், முன்னாடி டர்போ பட்டன், பூட்டு சாவி, சிவப்புல நம்பர் காட்டுற டிஸ்பிளே எல்லாம் இருக்கு. கூட ஒரு ஆம்பர் மானிட்டர், 9 பின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை இருக்குற பேப்பர் அரைக்கட்டு, அப்புறம் டப்பா நெறைய 5.25 இன்ச் பிளாப்பி, எண்ணிட்டேன் 34. இதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு எக்ஸ்டி (ஏடிக்கு முந்தின மாடல்) இருந்துச்சாம், அதை எப்பவோ கழிச்சு விட்டுட்டாரு, பிளாப்பில முக்கால்வாசி அந்தக் காலத்துதுன்னு நெனைக்கிறேன். லேபிள்ல "கணக்கு", "கணக்கு புதுசு", "கடிதம்", "இதுல எழுதாதே" இப்படி எழுதி வச்சிருக்காரு. சித்தப்பா இப்ப இல்ல. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும், அவ்ளோதான். நான் லேப்டாப் தலைமுறை, இதெல்லாம் ஒன்னும் தெரியாது, மொதல்ல என்ன பண்ணணும்?

#2 ஈயப்பத்து
பவர் போடாதீங்க!! மொதல்ல மூடிய கழட்டுங்க. மதர்போர்டுல கீபோர்டு சாக்கெட் பக்கத்துல நீல கலர்லயோ பச்சை கலர்லயோ குட்டி பீப்பாய் மாதிரி ஒன்னு இருக்கும், 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. டேட், டைம், செட்டிங் எல்லாம் மறக்காம இருக்குறதுக்கு வச்சது. இந்தப் பேட்டரி சும்மா சாகாது, ஒழுகிட்டுதான் சாகும், ஒழுகுற சரக்கு காரம், போர்டுல இருக்குற செம்புத் தடத்தை எல்லாம் பச்சை பச்சையா தின்னுடும். பொட்டிய பரண்ல படுக்க வச்சிருந்தீங்களா நிமித்தி வச்சிருந்தீங்களாங்கறத பொறுத்து எந்தப் பக்கம் வழிஞ்சிருக்குன்னு மாறும். வெட்டி எடுத்துடுங்க, அந்த இடத்தை வினிகர் தொட்ட பட்ஸால தொடச்சா பொங்கும், பொங்குறது நின்னதும் தண்ணி தொட்டுத் தொடச்சு கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டு காய விடுங்க.

அடுத்தது பவர் சப்ளை. அந்தக் காலத்து சப்ளைல கரண்ட் உள்ள வர்ற இடத்துல மஞ்சளா கண்ணாடி மாதிரி ஒரு கப்பாசிட்டர் இருக்கும், உள்ள காகிதம், மேல ஓடு காலப்போக்குல விரிசல் விட்டு ஈரத்தைக் குடிச்சுடும். பல வருஷம் கழிச்சு பவர் போட்ட ஒரு பத்து நிமிஷத்துல படார்னு ஒரு சத்தம், வீடு பூரா புகை. அதுல பெரும்பாலும் பொட்டிக்கு ஒன்னும் ஆகாது, நமக்குத்தான் நெஞ்சு நின்னுடும்.

#3 பரண்காரன்
அண்ணே, மன்னிச்சுக்கோங்க, நேத்தே போட்டுட்டேன் 😬 புகை எல்லாம் வரல. மெமரி எண்ணுச்சு, 640ன்னு நின்னுச்சு, அப்புறம் ஏதோ சீமாஸ் எரர் (டேட், செட்டிங் எல்லாம் மறந்துடுச்சாம்), கூடவே கீபோர்டு எரர், எஃப்1 அழுத்துங்கன்னு வந்துச்சு. கீபோர்டு இல்லன்னு அவனே சொல்றான், அப்புறம் கீபோர்டுல எஃப்1 அழுத்துங்கறான், அழுத்தினா ஒன்னும் ஆகல.

#4 எஃப்1_அழுத்து
என் பேரைப் பார்த்தீங்களா, அந்த மெசேஜ் மேல உள்ள கோவத்துலதான் வச்சேன் 😄

கீபோர்டைத் திருப்பிப் பாருங்க. அடியில ஒரு சின்ன தள்ளு சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் எக்ஸ்டி இன்னொரு பக்கம் ஏடி. ரெண்டுக்கும் அதே அஞ்சு பின் உருண்டைப் பிளக்குதான் ஆனா பேசுற பாஷை வேற, அதனால பிளக் அழகா உள்ள போகும் வேலை மட்டும் செய்யாது. உங்க சித்தப்பாகிட்ட முன்னாடி எக்ஸ்டி இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, கீபோர்டை மட்டும் அதுல இருந்து எடுத்து வச்சிருப்பாரு, சுவிட்ச் எக்ஸ்டி பக்கம் நிக்குது. ஏடி பக்கம் தள்ளிட்டு பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

#5 பரண்காரன்
யோவ்!! அப்படியேதான். தள்ளின உடனே வேலை செய்யுது. நான் கீபோர்டு செத்துப் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன்.

பேட்டரி பார்த்தேன், லேசா பச்சை பூத்திருந்துச்சு, வெட்டி எடுத்து வினிகர் போட்டாச்சு, தடம் எல்லாம் அறுபடல. பவர் சப்ளையத் திறக்க பயமா இருக்கு, தெரிஞ்ச ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கறேன். இப்ப ஹார்டு டிஸ்க் டைப் என்னன்னு கேக்குது, 1ல இருந்து 47 வரைக்கும் லிஸ்ட். எதைப் போடுறது?

#6 ஈயப்பத்து
டிரைவ் மேல ஸ்டிக்கர் பாருங்க, சிலிண்டர் எத்தனை, ஹெட் (வட்டைப் படிக்கிற முனை) எத்தனைன்னு. 20 எம்பி டிரைவ்னா அனேகமா 615 சிலிண்டர், 4 ஹெட், ஒரு டிராக்குக்கு (வட்டுல ஒரு சுத்துக் கோடு) 17 செக்டார், அது டைப் 2. பேட்டரி செத்தா இந்த நம்பரும் போயிடும், அதனாலதான் அந்தக் காலத்துல பொட்டியோட மூடிக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதி வைப்பாங்க. உங்க சித்தப்பாவும் எழுதியிருக்காரான்னு பாருங்க.

#7 பரண்காரன்
எழுதியிருக்காரு!!! "டைப் 2, மறக்காதே"ன்னு. அவரு கையெழுத்து. ஆனா டிரைவ் சுத்தவே இல்ல, ஒரு சின்ன முனகல் மட்டும் வருது.

#8 தட்டு_ராஜா
பக்கவாட்டுல ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால ஒரு தட்டு தட்டுங்க ஓடும். நான் எத்தனையோ டிரைவை அப்படித்தான் எழுப்பியிருக்கேன்.

#9 ஈயப்பத்து
தட்டாதீங்க. டிரைவ் ரொம்ப நாள் ஓடாம கெடந்தா ஹெட் உள்ள சுத்துற வட்டுமேல ஒட்டிக்கும், அந்த ஒட்டை எடுக்க சுழற்றணும், இடிக்கக் கூடாது. கழட்டி உள்ளங்கையில படுக்க வச்சு, ஸ்டியரிங் திருப்புற மாதிரி டக்குனு ஒரு அரைத் திருப்பு, அதே கையோட பவர். அப்புறம் இந்த வகை டிரைவ் எல்லாம் ஸ்டெப்பர் மோட்டார், சூடு ஏற ஏற டிராக் கொஞ்சம் நகரும், அதனால ஓட ஆரம்பிச்சதும் அரை மணி நேரம் சும்மா ஓட விட்டுட்டு அப்புறம் படிங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி பார்க்னு ஒரு புரோகிராம் இருந்தா அதை ஓட்டிட்டு நிறுத்துங்க, இதுக்குத் தானா ஹெட்டை ஓரங்கட்டத் தெரியாது.

#10 தட்டு_ராஜா
தட்டுறதைக் கேவலமா பேசாதீங்க அண்ணே, 1980ல வந்த ஆப்பிள் 3க்கு கம்பெனி ஆளுங்களே சொன்ன வைத்தியம் என்ன? முன்பக்கத்தை ரெண்டு மூணு இன்ச் தூக்கி டபக்குனு கீழ விடுன்னுதான. ஃபேன் வைக்கல, சூட்டுல சிப்பெல்லாம் சாக்கெட்டை விட்டு மேல எழும்பிடுச்சு, விழுந்த அதிர்ச்சியில திரும்ப உள்ள உக்காந்துச்சு.

#11 ஈயப்பத்து
அது சிப்பு கதை, இது டிஸ்க் கதை. சிப்பை உக்கார வைக்க கட்டை விரல் போதும், பொட்டிய ஏன் போடணும்.

#12 காசெட்_ராணி
இழைக்கு சம்பந்தம் இல்லாம ஒன்னு சொல்லிக்கறேன் திட்டாதீங்க. பிளாப்பி, ஹார்டு டிஸ்க் எல்லாம் வச்சிருந்தவங்க பணக்காரங்க, நாங்க எல்லாம் டேப் ரெக்கார்டர் கட்சி. ஸ்பெக்ட்ரம்னு ஒரு வீட்டு கம்ப்யூட்டர், அதுல ஒரு கேம் ஏத்தணும்னா அஞ்சு நிமிஷம் கீஈஈஈன்னு கத்தும், ஓரத்துல கோடு கோடா ஓடும், நாலரை நிமிஷத்துல லோடிங் எரர்னு வந்து நிக்கும். காரணம் பாதி நேரம் கம்ப்யூட்டர் இல்ல, டேப் ஹெட்டோட சாய்வு. ஒருத்தர் ரெக்கார்டர்ல பதிஞ்சது இன்னொருத்தர் ரெக்கார்டர்ல ஏறாது, ஹெட் பக்கத்துல இருக்குற குட்டி ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால இப்படி அப்படி திருப்பி சத்தம் நல்லா கீச்சுன்னு கூர்மையா வர்ற இடத்துல விடணும், அப்புறம் அந்த டேப் ஏறும், நம்ம பழைய டேப் எதுவும் ஏறாது 😂 வால்யூம் முக்கால்ல வைக்கணும், ட்ரெபிள் ஃபுல்லு. டேப்போட ஆரம்பத்துல காந்தம் இல்லாத வெறும் பட்டை கொஞ்சம் இருக்கும், அதைத் தாண்டி பதியாட்டி புரோகிராமோட தலையே இருக்காது.

அதுக்கு முந்தின இசட்எக்ஸ்81ல வெறும் 1 கேபி மெமரி, பின்னாடி 16 கேபி டப்பா சொருகணும், அது ஆடும், கீயை கொஞ்சம் அழுத்தி அடிச்சா டப்பா ஆடி மொத்தமும் போயிடும். ஒரு மணி நேரம் டைப் பண்ணினது. போஸ்டர் ஒட்டுற களிமண் மாதிரி ஒன்னு இருக்குமே அதை வச்சு ஒட்டித்தான் எல்லாரும் காலத்தை ஓட்டினாங்க.

#13 எஃப்1_அழுத்து
சம்பந்தம் இல்லாம எல்லாம் இல்லக்கா, ஒன்னுல பதிஞ்சது இன்னொன்னுல ஏறாத கதைதான் பிளாப்பிலயும் வரப் போகுது.

#14 பரண்காரன்
டிரைவ் சுத்துது!! திருப்பினேன், ரெண்டாவது தடவை எழுந்துடுச்சு, டாஸ் (இதோட ஆபரேட்டிங் சிஸ்டம்) வந்துடுச்சு. உள்ள பெருசா ஒன்னும் இல்ல, ஒரு எடிட்டர், சில கேம். சித்தப்பா எல்லாத்தையும் பிளாப்பிலதான் வச்சிருந்திருக்காரு போல. பிளாப்பி டிரைவ் லைட்டு மட்டும் பவர் போட்டதுல இருந்து அணையவே இல்ல, நான்தான் தூசி தொடைக்க கேபிளைக் கழட்டி மாட்டினேன். பிளாப்பிய போடலாமா?

#15 ஈயப்பத்து
லைட் அணையலைன்னா கேபிளை தலைகீழா மாட்டியிருக்கீங்க. கேபிள்ல ஒரு ஓரம் சிவப்புக் கோடு இருக்கும், அது 1ம் நம்பர் பின் பக்கம் வரணும். இப்படி மாட்டின நிலையில பிளாப்பி போடவே போடாதீங்க, உள்ள இருக்கறது கெடலாம்.

#16 வட்டு_வைத்தியர்
இந்த இழைய லேட்டா பார்த்தேன். பிளாப்பி என் பேட்டை, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிச்சுட்டு அப்புறம் கை வைங்க.

கேபிள் சரி பண்ணியாச்சுன்னு வச்சுக்கறேன். மொதல்ல 34 பிளாப்பியையும் ஒன்னொன்னா வெளிச்சத்துல பாருங்க. வெளிக் காகித உறைய விட்டு எடுத்து, நீள ஜன்னல் வழியா தெரியுற பழுப்புப் பரப்பைப் பாருங்க, நடு ஓட்டையில விரலை விட்டு மெதுவா சுத்திப் பாருங்க, ஜன்னல்ல விரல் படக்கூடாது. வெள்ளையா புள்ளி புள்ளியா, இல்ல மேகம் மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, அதை தனியா வைங்க. அதைப் போட்டீங்கன்னா ஹெட் அந்தப் பூஞ்சைய அப்பிக்கிட்டு அடுத்து வர்ற நல்ல பிளாப்பியெல்லாம் வட்டமா கீறிட்டுப் போகும். நானே ஒரு தடவை அவசரத்துல வரிசையா எட்டு பிளாப்பிய கெடுத்தவன், ஒன்னாவது படிக்கலன்னதுமே நிறுத்தியிருக்கணும், டிரைவ்தான் மக்கர்னு நெனைச்சு அடுத்தது அடுத்ததுன்னு போட்டுட்டே போனேன். அதனால ஒரு பிளாப்பி எரர் குடுத்தா அடுத்ததைப் போடுறதுக்கு முன்னாடி பட்ஸ்ல ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் தொடைங்க, மேல் ஹெட்டைத் தூக்கி வளைக்காதீங்க, சும்மா தடவினா போதும். பட்ஸ் பழுப்பானா அது தூசி இல்ல, யாரோட டேட்டாவோ.

ரெண்டாவது, எழுதாம பாத்துக்கறது. 5.25 பிளாப்பில ஓரத்துல ஒரு சதுர வெட்டு இருக்கும், அதை மூடி ஒட்டினா எழுத முடியாது. பழைய 8 இன்ச்ல அப்படியே உல்டா, மூடினாத்தான் எழுதும். செல்லோடேப் போட்டு மூடாதீங்க, நெறைய டிரைவ் ஒளியை வச்சுத்தான் பார்க்குது, கண்ணாடி டேப்புல ஒளி போயிடும், கறுப்பு டேப் போடுங்க. மூணரை இன்ச்ல தாழ்ப்பாளைத் திறந்து ஓட்டை தெரிஞ்சா எழுதாது.

மூணாவதுதான் முக்கியம். உங்க 286ல இருக்குறது அனேகமா 1.2 எம்பி டிரைவ், எக்ஸ்டில இருந்தது 360 கேபி டிரைவ். ரெண்டு பிளாப்பியும் பார்க்க ஒரே சைஸ். 360ல 40 டிராக், 1.2ல 80 டிராக், அதே இடத்துல ரெண்டு மடங்கு கோடு போடணும்னா ஹெட்டு பாதி அகலம் இருக்கணும்ல, அதான் விஷயம். அகலமான கோட்டை ஒல்லி ஹெட்டு படிச்சுடும், பிரச்சனை இல்ல. ஆனா ஒல்லி ஹெட்டால ஒரு 360 பிளாப்பில எழுதினா, பழைய அகலக் கோட்டுக்கு நடுவுல மட்டும் புதுசா ஒல்லிக் கோடு விழும், ரெண்டு ஓரத்துலயும் பழைய சரக்கு அப்படியே நிக்கும். நம்ம மெஷின்ல படிக்கும், சந்தோஷமா எடுத்துட்டுப் போய் 360 டிரைவ்ல போட்டா அது புதுசையும் பழசையும் சேர்த்துப் படிச்சு குழம்பும். "என் மெஷின்ல ஓடுச்சே"ன்னு எத்தனை பேர் சண்டை போட்டிருக்காங்க தெரியுமா. எதை எடுத்தாலும் 360ல இருந்து படிங்க, திரும்ப அதுலயே எழுதாதீங்க.

எது எதுன்னு எப்படித் தெரியும்னா, நடு ஓட்டைய சுத்தி ஒரு வளையம் ஒட்டியிருந்தா பெரும்பாலும் 360, வளையம் இல்லாம மொழுமொழுன்னு இருந்தா 1.2. அடிச்சு சொல்ற விதி இல்ல, ஆனா முக்கால்வாசி சரியா இருக்கும்.

#17 தட்டு_ராஜா
1.2 பிளாப்பிய 360ன்னு ஃபார்மேட் பண்ணிட்டா போச்சு, எதுக்கு இவ்ளோ பெரிய கதை.

#18 வட்டு_வைத்தியர்
போகாது. பூச்சே வேற. 360க்கு சுமார் 300 ஓர்ஸ்டெட் (பூச்சுல பதிய எவ்ளோ காந்த பலம் வேணும்ங்கற அளவு), 1.2க்கு சுமார் 600. பழைய 360 டிரைவோட ஹெட்டுக்கு அந்த 600 பூச்சுல அழுத்தி எழுதத் தெம்பு இல்ல, எழுதின மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல கரைஞ்சுடும். மூணரை இன்ச்ல ரெண்டு பூச்சுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி, அதனாலதான் 720 கேபி பிளாப்பில ஓரத்துல ஒரு ஓட்டை போட்டு 1.44ன்னு ஏமாத்தினது ஓரளவுக்கு ஓடுச்சு. அதுவும் "ஓரளவுக்கு"தான், நான் ஓட்டை போட்டு சேமிச்சதுல பாதி இப்ப படிக்கல.

#19 டாட்டு_மாமா
பிரிண்டரைப் பத்தி யாரும் பேசல, நான் பேசறேன். ரிப்பன் காஞ்சிருக்கும். தூக்கிப் போடாதீங்க, மை பூராவும் தீர்ந்திருக்காது, எண்ணெய்தான் போயிருக்கும். டப்பாவோட மூடிய நெம்பித் திறந்து, மடிஞ்சு கெடக்குற ரிப்பன் மேல லேசா, ரொம்ப லேசா துரு எடுக்குற ஸ்ப்ரே அடிச்சு மூடி ஒரு நாள் விட்டா ஓரத்துல மிச்சம் இருக்குற மை நடுவுக்கு வந்து சேரும். திறக்கும்போது பார்த்து, சில டப்பால ரிப்பன் ஒரு முறுக்கு விட்டு ஒட்டியிருக்கும், ரெண்டு ஓரமும் மாறி மாறி தேயணும்னு வேணும்னே வச்சது, "அய்யோ முறுக்கிக்கிச்சே"ன்னு பிரிச்சு நேராக்கிடாதீங்க.

ஸ்டாம்ப் பேட் மை மட்டும் ஊத்தாதீங்க. ரிப்பன் மைலதான் பின்னுக்கு உராய்வு போக்குற எண்ணெய் இருக்கு, வேற மை ஊத்தினா பின்னு ஒவ்வொன்னா மாட்டிக்கும், எழுத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடு விழும். ஊத்திட்டு அனுபவிச்சவன் சொல்றேன்.

#20 பரண்காரன்
மாமா, ஸ்ப்ரே அடிச்சு ஒரு நாள் விட்டேன், மங்கலா ஆனா படிக்கிற மாதிரி அடிக்குது. ஆனா எல்லா வரியும் ஒரே வரி மேல அடிச்சு கறுப்புக் கோடா ஆயிடுச்சு, பேப்பர் நகரவே இல்ல.

#21 டாட்டு_மாமா
டிப் சுவிட்ச். பிரிண்டருக்குப் பின்னாடியோ மூடிக்கு உள்ளயோ பல்லு பல்லா குட்டி சுவிட்ச் வரிசை. அதுல ஒன்னு "வரி முடிஞ்சதும் நானே பேப்பரைத் தள்ளிக்கவா இல்ல கம்ப்யூட்டர் சொல்லுமா"ங்கறது. ரெண்டு பேரும் தள்ளினா ஒரு வரி விட்டு ஒரு வரி வரும், ரெண்டு பேருமே தள்ளலைன்னா உங்க கதை. எதுன்னு மேனுவல் இல்லாம சொல்ல முடியாது, ஒன்னொன்னா மாத்திப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், ஆன் ஆகும்போது மட்டும்தான் அது சுவிட்சைப் படிக்கும். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க.

ஹெட்டைத் தொடாதீங்க, ரெண்டு பக்கம் அடிச்சதும் விரலு பொத்துப் போற சூடு இருக்கும்.

#22 காசெட்_ராணி
அந்த சிவப்பு நம்பர் டிஸ்பிளே என்ன காட்டுது? 12ஆ 16ஆ?

#23 பரண்காரன்
டர்போ போட்டா 12, எடுத்தா 6. அது நெஜமா ஸ்பீடைப் பார்த்து சொல்லுதா?

#24 எஃப்1_அழுத்து
இல்லவே இல்ல 😂 பின்னாடி ஜம்பர் வச்சு நமக்குப் பிடிச்ச நம்பரை வச்சுக்கலாம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் 386 வாங்காமலே 33ன்னு வச்சுக்கிட்டு திரிஞ்சான்.

#25 பரண்காரன்
ஒரு வாரம் ஆச்சு, நிலவரம் சொல்றேன். 34ல 4 பூஞ்சை, தனியா வச்சாச்சு. 21 படிச்சு ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணிட்டேன், அதுல 3ல மட்டும் அங்கங்க செக்டார் போச்சு. இன்னும் 9 பாக்கி. எல்லா வெட்டுலயும் கறுப்பு டேப் ஒட்டிட்டுத்தான் போட்டேன். சித்தப்பா "இதுல எழுதாதே" பிளாப்பில கூட டேப் ஒட்டி வைக்கல, லேபிளை நம்பியே விட்டிருக்காரு மனுஷன். உள்ள டாஸ்.

ஆனா ஒரு விஷயம் புரியல. டிர் (ஃபைல் பட்டியல் காட்டுற கட்டளை) போட்டுப் பார்த்தா எல்லா ஃபைலுக்கும் தேதி 1-01-80. எல்லாமே. நேரம் எல்லாம் 12:06ஏ, 12:11ஏ, 12:09ஏ. 1980 ஜனவரி 1ம் தேதி நடு ராத்திரில உக்காந்து கணக்கு எழுதினாரா? ஐபிஎம் பிசியே 1981ல தான வந்துச்சு. டேட்டா கெட்டுப் போச்சா?

#26 வட்டு_வைத்தியர்
கெடல. எக்ஸ்டில பேட்டரி கடிகாரம் கிடையாது, அது 1984ல ஏடி வந்தப்பதான் கூடவே வந்துச்சு, அதுக்கு முன்னாடி வேணும்னா தனியா ஒரு கார்டு வாங்கி சொருகணும். பவர் போட்டா ஒவ்வொரு தடவையும் டாஸ் "இன்னைக்கு செவ்வாய் 1-01-1980, புது தேதி சொல்லு"ன்னு கேக்கும், அப்புறம் நேரம் கேக்கும். யாரு டைப் பண்ணுவா? எண்டர், எண்டர். எல்லாரும் அதைத்தான் பண்ணினோம். அப்படி விட்டா கடிகாரம் பூஜ்யத்துல இருந்து ஓட ஆரம்பிக்கும்.

அதனால 12:06ன்னா நடு ராத்திரி இல்ல, பொட்டிய போட்டு ஆறாவது நிமிஷம் சேவ் பண்ணியிருக்காருன்னு அர்த்தம். எந்த வருஷம் எந்த நாள்னு எப்பவும் தெரியாது, எவ்ளோ நேரம் உக்காந்தாருன்னு மட்டும் தெரியும்.

#27 பரண்காரன்
ஓ.

கணக்கு ஃபைல் எல்லாமே 12:06ல இருந்து 12:20க்குள்ள. "கடிதம்" பிளாப்பில ஒரே ஒரு ஃபைல், ஒரு பக்கம் கூட வராது. அதுக்கு 2:38ஏ.

#28 டாட்டு_மாமா
ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம், ஒரு பக்கத்துக்கு.

#29 தட்டு_ராஜா
இல்லன்னா பொட்டிய போட்டுட்டு போய் தூங்கிட்டு வந்து சேவ் பண்ணியிருப்பாரு.

#30 பரண்காரன்
அதுவும் செய்யக்கூடிய ஆளுதான் 😄 டிப் சுவிட்ச் மூணாவது, வரி இப்ப சரியா நகருது. கடிதத்தை அந்தப் பழைய பேப்பர்லயே ஒரு காப்பி அடிச்சு சித்திகிட்ட குடுத்துட்டேன், ஓரத்து ஓட்டைப் பட்டைய கிழிக்காம அப்படியே. பாக்கி 9ல மொதல் பிளாப்பி கிர்ர்னு சத்தம் போட்டு எரர் குடுத்துச்சு, பட்ஸ் பழுப்பா வருது. தொடச்சுட்டு வரேன்.